கெஸ்டால்ட்: உளவியலில் ஒன்று, சிகிச்சையில் ஒன்று – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம், தமிழ்க் குடும்பங்களுக்கு ஆலோசகராக வேலை செய்கிறேன். கெஸ்டால்ட் பற்றி என்னிடம் இரண்டு வகையானவர்கள் கேட்பார்கள். கல்லூரியில் டிசைன் படிக்கும் பிள்ளைகள் ஒரு பக்கம். அவர்களுக்கு நாளைக்கு அசைன்மென்ட் அனுப்பியாக வேண்டும். இன்னொரு பக்கம், ஏதோ ஓர் ஆலோசகரின் விவரத்தில் ‘கெஸ்டால்ட் சிகிச்சை’ என்று பார்த்துவிட்டு, இது என்ன வைத்தியம், மாத்திரை உண்டா என்று யோசிப்பவர்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். வேண்டாத கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், கெஸ்டால்ட் என்றால் என்ன?

ஜெர்மன் சொல். உருவம், அமைப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். நாம் உலகைத் துண்டு துண்டாகப் பார்த்து அப்புறம் ஒட்டிக்கொள்வதில்லை, எடுத்த எடுப்பிலேயே ஓர் உருவமாகத்தான் பார்க்கிறோம் என்பது அதன் அடிப்படைக் கருத்து. இந்தப் பெயரில் இரண்டு துறைகள் இருக்கின்றன. 1910களில் ஜெர்மனியில் உருவான கெஸ்டால்ட் உளவியல், பார்ப்பது, கேட்பது, சிந்திப்பது பற்றிய ஆய்வு. 1951இல் அமெரிக்காவில் நூலாக வெளிவந்த கெஸ்டால்ட் சிகிச்சை, மனச்சுமையோடு வருபவருடன் உட்கார்ந்து வேலை செய்யும் முறை. இணையத்தில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கிண்டுவதால் வருகிறது.

உளவியலில் இது எப்படித் தொடங்கியது?

இசையிலிருந்து என்று சொன்னால் தவறில்லை. 1890இல் கிறிஸ்டியன் ஃபான் ஏரன்ஃபெல்ஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மெட்டை வேறு சுருதியில் பாடினால் எல்லா ஒலிகளும் மாறிவிடுகின்றன, ஆனாலும் மெட்டு அதேதான் என்று கேட்பவருக்குத் தெரிகிறது, அது எப்படி? கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் வாசிக்கும் பாட்டை வீட்டுக்கு வந்து நாம் நம் கட்டைக் குரலில் முணுமுணுக்கிறோம். ஓர் ஒலிகூட ஒத்துப்போகாது. பாட்டு மட்டும் அதே பாட்டு. அப்படியானால் பாட்டு என்பது ஒலிகளில் இல்லை, அவற்றுக்கிடையே உள்ள உறவில் இருக்கிறது.

அடுத்தது மாக்ஸ் வெர்ட்ஹைமர். 1910இல் ரயிலில் போய்க்கொண்டிருந்தவர், அசைவதுபோல் தெரியும் விளக்குகளைப் பற்றி யோசித்து, பாதி வழியில் ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி, ஒரு பொம்மைக் கருவியை வாங்கி ஹோட்டல் அறையிலேயே சோதனையைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். பிறகு பல்கலைக்கழக ஆய்வகத்தில் முறையாகச் செய்தார். அவர் சோதனைகளில் உட்கார்ந்து பார்த்து, கண்டதைச் சொன்னவர்கள் வொல்ஃப்காங் கோலரும் குர்ட் கோஃப்காவும். இந்த மூவர்தான் பிறகு கெஸ்டால்ட் உளவியலின் தூண்கள்.

வெர்ட்ஹைமர் கண்டது என்ன? பினாங்குத் தைப்பூசத்துக்குப் போனவர்களுக்கு விளக்கவே வேண்டாம். தண்ணீர்ப்பந்தல்களில் சீரியல் பல்புகள் முருகனின் வேலைச் சுற்றி ‘ஓடும்’. உண்மையில் எந்த பல்பும் இடம் மாறுவதில்லை. ஒன்று அணைகிறது, பக்கத்தில் இன்னொன்று எரிகிறது, அவ்வளவே. இரண்டு வெளிச்சங்களுக்கும் நடுவே சுமார் 60 மில்லிசெகண்ட் இடைவெளி இருந்தால் ஓட்டம் தெரியும். 30 என்றால் இரண்டும் சேர்ந்தே எரிவதுபோல் இருக்கும். 200 என்றால் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே தெரியும். எந்த பல்பிலும் இல்லாத ஓட்டம் நம் பார்வையில் இருக்கிறது. 1912இல் இதை அவர் வெளியிட்டதைத்தான் கெஸ்டால்ட் உளவியலின் தொடக்கமாகக் கணக்கிடுகிறார்கள்.

டிசைன் வகுப்பில் சொல்லும் கெஸ்டால்ட் விதிகளும் இங்கிருந்துதான் வந்தனவா?

ஆமாம், பெரும்பாலானவை வெர்ட்ஹைமர் 1923இல் எழுதிய கட்டுரையில் இருப்பவை. அருகருகே உள்ளவை ஒன்றாகச் சேரும். ஒரே மாதிரி இருப்பவை சேரும். தொடர்ந்து செல்லும் கோட்டைக் கண் விடாமல் பின்தொடரும். முழுமையடையாத உருவத்தை மனம் மூடிக்கொள்ளும். ஒரே திசையில் நகர்பவை ஒரே கூட்டமாகத் தெரியும். அசைன்மென்டுக்கு லோகோ படங்களையே எல்லோரும் போடுகிறார்கள், விரிவுரையாளருக்கும் அலுத்திருக்கும். நம் ஊரில் வேறு உதாரணங்கள் இல்லையா?

பத்துமலையை எடுத்துக்கொள்ளுங்கள். 272 படிகள். 2018இல் வண்ணம் அடித்த பிறகு தூரத்திலிருந்து பார்த்தால் படிகள் தெரிவதில்லை, வண்ணப் பட்டைகள் தெரிகின்றன. தைப்பூசத்தன்று அதே படிக்கட்டில் ஆயிரக்கணக்கான தலைகள். ஆனாலும் ஏறும் கூட்டம் ஒன்று, இறங்கும் கூட்டம் ஒன்று எனச் சட்டென்று பிரித்துவிடுகிறோம். ஒரே திசை நகர்வுக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

பினாங்கு ஆர்மீனியன் தெருவில் அக்கா தம்பிபோல் இரண்டு பிள்ளைகள் சைக்கிளில் போகும் சுவரோவியம் இருக்கிறது. லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் ஸக்கரேவிச் 2012இல் வரைந்தது. சைக்கிள் நிஜம், பிள்ளைகள் சாயம். இரும்பும் சாயமும் என்று யாருக்கும் பிரித்துத் தோன்றுவதில்லை. சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளாகவே தெரிகிறார்கள்.

விதிகளுக்கும் முந்தியது ஒன்று உண்டு: உருவும் பின்புலமும். எந்த நேரத்திலும் ஏதோ ஒன்று முன்னே வரும், மற்றதெல்லாம் பின்னே போகும். டென்மார்க்கைச் சேர்ந்த எட்கர் ரூபின் 1915இல் காட்டிய படம் எல்லோருக்கும் தெரியும், பூச்சாடியா இரண்டு முகங்களா என்று மாறி மாறித் தெரிவது. ஒரே நேரத்தில் இரண்டும் தெரியாது. காதுக்கும் இது உண்டு. சனிக்கிழமை இரவு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தட்டுச் சத்தம், பந்தாட்ட ஒளிபரப்பு, நாலு மொழிப் பேச்சு; அதற்குள் யாரோ உங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் அது மட்டும் தனியாகக் கேட்கும். இந்த ‘முன்னே வருவது’ என்ற விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைப் பக்கம் இது திரும்ப வரும்.

“முழுமை, பகுதிகளின் கூட்டுத்தொகையைவிடப் பெரியது” என்பதுதானே கெஸ்டால்ட்?

கோஃப்கா 1935இல் எழுதியது அதுவல்ல. முழுமை, கூட்டுத்தொகையிலிருந்து வேறானது என்றுதான் எழுதினார். முகம் என்பது கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் கூட்டி மேலே போனஸ் போட்டதல்ல, வேறொரு பொருள். நிறுவனங்களின் ஊக்கமூட்டும் உரைகளில் குழு ஒற்றுமைக்கு இந்த வாக்கியத்தை இழுப்பதைக் கேட்டிருப்பீர்கள். சிரித்துவிட்டுப் போகலாம்.

தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். கற்பித்தலுக்கு இதில் ஏதாவது உண்டா?

நிறையவே உண்டு. வெர்ட்ஹைமர் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்த்ததை எழுதியிருக்கிறார். இணைகரத்தின் பரப்பளவு காணும் முறையைப் பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். அதே உருவத்தை அவர் திருப்பி நிறுத்தி வரைந்து கேட்டதும் பலர் தடுமாறிவிட்டார்கள். ஒரு பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முக்கோணத்தை மறுபக்கம் ஒட்டினால் செவ்வகம் ஆகிவிடும் என்று ‘பார்த்த’ பிள்ளைக்கு உருவம் எப்படித் திரும்பினாலும் கவலை இல்லை. மனப்பாடத்துக்கும் புரிதலுக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பார்வைதான். இது அவர் இறந்த பிறகு 1945இல் வந்த நூலில் இருக்கிறது.

கோலரின் சிம்பன்ஸி சோதனைகளும் இதே வழிதான். 1913இல் டெனெரீஃப் தீவுக்குப் போனவர் உலகப்போரால் அங்கேயே மாட்டிக்கொண்டார். சுல்தான் என்ற குரங்கு இரண்டு குச்சிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி எட்டாத பழத்தை இழுத்துக்கொண்ட கதை அங்கே நடந்தது.

அப்படியானால் கெஸ்டால்ட் சிகிச்சை இந்த ஆய்விலிருந்து வந்ததா?

பாதி ஆமாம், பாதி இல்லை. தொடங்கியவர்கள் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், அவர் மனைவி லாரா பெர்ல்ஸ். ஃபிரிட்ஸ் பெர்லினில் பிறந்த மருத்துவர், ஃபிராய்டின் வழியில் பயின்றவர். லாரா ஃபிராங்ஃபர்ட்டில் கெஸ்டால்ட் உளவியலை முறையாகப் படித்தவர். யூதர்கள் என்பதால் 1933இல் ஜெர்மனியைவிட்டு ஓடவேண்டி வந்தது. ஆம்ஸ்டர்டாம், பிறகு தென்னாப்பிரிக்கா, 1946க்குப் பிறகு நியூயார்க். 1951இல் வந்த நூலில் ஃபிரிட்ஸுடன் ரால்ஃப் ஹெஃபர்லைன், பால் குட்மேன் பெயர்களும் உண்டு. லாராவின் பெயர் இல்லை. அவருடைய பங்கு அதில் இருக்கிறது என்பதைப் பிற்பாடு பலரும் ஒப்புக்கொண்டார்கள்.

சிகிச்சைக்குள் ஃபிராய்டு இருக்கிறார், எதிரே இருப்பவரைப் பொருளாக அல்ல, முழு மனிதராகச் சந்திக்கச் சொல்லும் மார்ட்டின் பூபரின் ‘நான்–நீ’ தத்துவம் இருக்கிறது, மனப்பிரச்சினையை நடித்துப் பார்க்கவைக்கும் மொரேனோவின் நாடக முறை இருக்கிறது. கெஸ்டால்ட் உளவியலிலிருந்து எடுத்துக்கொண்டது முக்கியமாக அந்த உருவும் பின்புலமும்தான். பசியோடு ஜாலான் துன் சம்பந்தனில் நடந்தால் சாப்பாட்டுக் கடைகள் மட்டுமே கண்ணில் படும். மருந்து வாங்கப் போனால் அதே தெருவில் கிளினிக் பலகைகள் முன்னே வரும். நமக்குள் எது தேவையாக நிற்கிறதோ அது உலகத்தை ஒழுங்குபடுத்துகிறது. தேவை தீர்ந்தால் அது பின்னே போய் அடுத்தது முன்னே வரும். தீராமல் நின்றுவிட்டால்? பதினைந்து வருடத்துக்கு முன் தம்பி சொன்ன ஒரு வார்த்தை இன்றைக்கும் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கும். சிகிச்சை அங்கேதான் கைவைக்கிறது.

கெஸ்டால்ட் உளவியலாளர்கள் சிலருக்கு இந்த உறவுமுறையே பிடிக்கவில்லை. மேரி ஹென்லே 1970களில் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று கடுமையாக எழுதினார். எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்கிறேன். விசேஷத்துக்குப் பார்த்தால் பேசிக்கொள்வார்கள்.

சிகிச்சை அறையில் என்னதான் நடக்கும்?

மாத்திரை இல்லை. பேச்சுதான், ஆனால் பேச்சு மட்டுமல்ல. நடந்த கதையைவிட, அதைச் சொல்லும்போது இப்போது இங்கே என்ன நடக்கிறது என்பதில் ஆலோசகரின் கவனம் இருக்கும். “எனக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை, மறந்துவிட்டேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்வீர்கள்; கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருக்கும். “கை என்ன செய்கிறது?” என்று கேட்பார். ‘ஏன்’ என்ற கேள்வி அதிகம் வராது. ஏன் என்று கேட்டால் நாம் எல்லோருமே நல்ல வக்கீலாகிவிடுவோம்.

நாம் மற்றவரோடும் நம்மோடும் உண்மையாகத் தொடர்புகொள்வதை எப்படியெல்லாம் தடுத்துக்கொள்கிறோம் என்று இந்த முறை சில வழிகளைச் சொல்கிறது. பிறர் சொன்னதை மெல்லாமல் விழுங்குவது ஒன்று: ஆம்பிள்ளை அழக்கூடாது, பொம்பிள்ளை எதிர்த்துப் பேசக்கூடாது. தன் உணர்வை அடுத்தவர் தலையில் ஏற்றுவது இன்னொன்று. “எல்லோரும் என்னைக் கேவலமாகப் பார்க்கிறார்கள்” என்பவர் தன்னையே அப்படிப் பார்ப்பவராக இருக்கலாம். வெளியே காட்ட வேண்டிய கோபத்தைத் தன்மேலேயே திருப்பிக்கொள்வதும் உண்டு. தாடை இறுகும், தலைவலி வரும், டாக்டரிடம் போனால் ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. அப்புறம் எங்கே நான் முடிகிறேன், எங்கே குடும்பம் தொடங்குகிறது என்றே தெரியாத கலப்பு. “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால் “வீட்டில் ஒத்துக்கமாட்டாங்க” என்று பதில் வரும். எனக்கு இந்தக் கடைசி ஒன்றுதான் அதிகம் தென்படுகிறது.

ஆனால் இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். அவரவர் வழி அவரவருக்கு, சந்தித்தால் நல்லது, இல்லாவிட்டால் பரவாயில்லை என்ற பாணியில் ஃபிரிட்ஸ் பேசியது அறுபதுகளின் கலிஃபோர்னியாவுக்குப் பொருந்தியிருக்கலாம். மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருக்கும் செந்தூல் குடும்பத்தில் அதை அப்படியே இறக்கினால் ஆள் தனியாகிவிடுவார். உறவோடு இருந்துகொண்டே தன் குரலைக் கண்டுபிடிப்பதும் தொடர்புதான். லாராவின் வழி இதற்கு நெருக்கமானது. ஆதரவு எவ்வளவு தேவையோ அவ்வளவு கொடுத்துக்கொண்டே போவது.

காலி நாற்காலி என்கிறார்களே, அது என்ன?

எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, நீங்கள் பேச வேண்டிய ஆள் அதில் இருப்பதாக நினைத்து நேராகப் பேசுவது. பிறகு இடம் மாறி உட்கார்ந்து அந்த ஆளாகப் பதில் சொல்வது. மொரேனோவின் நாடக முறையிலிருந்து வந்தது, பெர்ல்ஸ் கையில் பிரபலமானது.

அப்பாவைப் பற்றிப் பேசுவது வேறு, அப்பாவிடம் பேசுவது வேறு. “அவர் குடிப்பார், அடிப்பார், பாவம் அவரும் எஸ்டேட்டில் கஷ்டப்பட்டவர்” என்று ஒரு மணி நேரம் சரளமாகச் சொல்பவர், “அப்பா” என்று நாற்காலியைப் பார்த்து அழைத்ததும் நின்றுபோவார். நம்மவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று: அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்த உடனே இவர் எழுந்து நின்றுவிடுவார். பாடப்புத்தகத்தில் இல்லாத விஷயம். நான் உட்காரச் சொல்வதில்லை. நிற்பது எப்படி இருக்கிறது, கால் என்ன சொல்கிறது என்று கேட்பேன். சில சமயம் அன்றைய வேலை முழுக்க அந்த நிற்பதிலேயே போகும்.

மொழியும் அப்படித்தான். கதையை ஆங்கிலத்திலும் மலாயிலும் கலந்து சொல்லிக்கொண்டு வருபவர், அம்மா எதிரே வந்ததும் தமிழுக்கு மாறிவிடுகிறார். ஆங்கிலத்தில் கோபப்பட்டவர் தமிழில் அழுகிறார். அதனால்தான் தமிழ் தெரிந்த ஆலோசகர் இந்த முறைக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

பெரியவர்களை எதிர்த்துப் பேசவைப்பது பாவமில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. திட்டவைப்பது இதன் நோக்கமல்ல. சொல்லாமல் விட்டது நன்றியாகவும் இருக்கும், மன்னிப்பாகவும் இருக்கும். மருத்துவமனைக்குக் கடைசி நேரத்தில் போய்ச்சேர முடியாத மகளுக்கு, போய்வருகிறேன் என்று சொல்வதே பெரிய காரியம். அப்பாவின் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றால் உட்கார வேண்டாம். பக்கத்தில் நின்று பேசலாம், பேசாமலும் இருக்கலாம்.

இறந்தவரோடு பேசுவது என்றால், குறி கேட்பது மாதிரியா?

இல்லை. யாரும் உங்கள்மேல் இறங்குவதில்லை, எதிர்காலம் சொல்வதுமில்லை. பேசுவது முழுக்க நீங்கள்தான், அது உங்களுக்கும் தெரியும். எந்த நொடியிலும் நிறுத்தலாம். கோயிலுக்கும் திதிக்கும் இது போட்டியும் அல்ல; இரண்டையும் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

‘முடிக்காமல் விட்டது மனதில் நிற்கும்’ என்பது அறிவியல்படி நிரூபிக்கப்பட்டதா?

பெர்லினில் உளவியலாளர் குர்ட் லெவினிடம் படித்த புளூமா ஸைகார்னிக் 1927இல் வெளியிட்ட ஆய்வு இது. பணம் கட்டாத மேசைகளின் ஆர்டர் எல்லாம் பரிசாரகருக்கு ஞாபகம் இருக்கிறது, கட்டி முடித்ததும் மறந்துவிடுகிறது என்ற கவனிப்பிலிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். நடுவில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடித்தவற்றைவிட நன்றாக நினைவில் நின்றன என்று அவர் கண்டார். பிற்பாடு மற்றவர்கள் செய்து பார்த்தபோது முடிவு எப்போதும் ஒத்துவரவில்லை. ஆகவே விதி என்று தூக்கிப்பிடிக்க வேண்டாம். துக்கத்தில் நிற்பவருக்கு இந்த ஆய்வு தேவையும் இல்லை.

காலி நாற்காலியால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம்?

உண்டு, ஆனால் அளவோடு. கனடாவில் லெஸ்லி கிரீன்பெர்க்கும் அவரோடு இருந்தவர்களும் இந்த உரையாடலைப் படிப்படியாக ஆராய்ந்தார்கள். 1995இல் சாண்ட்ரா பைவியோவுடன் அவர் வெளியிட்ட ஆய்வில், நெருங்கியவரோடு தீராத மனக்குறை இருந்தவர்களுக்கு, தகவல் கொடுக்கும் குழு வகுப்பைவிட இது அதிகம் உதவியது. 34 பேர் கொண்ட சிறிய ஆய்வுதான். மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கு மொத்தமாகப் பார்த்தால் சிந்தனை–நடத்தைச் சிகிச்சைக்கே ஆய்வு பலம் அதிகம்.

யாருக்கு இது சரிவராது?

இல்லாத குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற நிலையில் இருப்பவரைக் காலி நாற்காலி முன் உட்காரவைப்பது ஆபத்து. அவருக்கு முதலில் மனநல மருத்துவர் வேண்டும். அளவுமீறிய உற்சாகமும் வேகமுமான பித்து நிலையில் (மேனியா) இருப்பவருக்கும் அப்படியே. கை கழுவிக்கொண்டே இருப்பது போன்ற எண்ணச் சுழற்சி நோய்க்கு வேறு சிகிச்சை முறைகள் நன்றாக வேலை செய்கின்றன. அடிக்கும் கணவனோடு இன்னும் வாழ்பவருக்கு நாற்காலிக்கு முன் பாதுகாப்பு வேண்டும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் எந்த முறை நல்லது என்று படித்துக்கொண்டிருக்க வேண்டாம். இப்போதே யாரிடமாவது பேசுங்கள்: பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555, தாலியான் காசே 15999. உடனடி ஆபத்து என்றால் 999. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

யூடியூப்பில் பெர்ல்ஸ் ஒரு பெண்ணை மடக்கி மடக்கிப் பேசுவதைப் பார்த்தேன். என்னிடமும் அப்படித்தான் பேசுவார்களா?

1965இல் வந்த பயிற்சிப் படம் அது. குளோரியா என்ற பெண், மூன்று சிகிச்சையாளர்கள். பயமாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னவரைப் பெர்ல்ஸ் பாசாங்கு என்று சொல்லிவிடுகிறார். அவர் கவனித்தது கூர்மை, சொன்ன விதம் முரடு. இன்றைக்குப் பயிற்சி பெறுபவர்கள் அப்படிச் செய்வதில்லை. யாராவது அப்படிப் பேசினால் எழுந்து வரலாம், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

வீட்டில் நானே செய்து பார்க்கலாமா?

கவனிக்கும் பயிற்சியைச் செய்யலாம். எல்ஆர்டியில் போனை எடுக்காமல் இரண்டு ஸ்டேஷன் தூரம், ‘இப்போது எனக்குத் தெரிவது’ என்று தொடங்கி, சத்தம், தோளின் இறுக்கம், ஒரு நினைப்பு என வருவதை வரிசையாக மனதுக்குள் சொல்லிப்பாருங்கள். எது அடிக்கடி முன்னே வருகிறது என்று தெரியும். காலி நாற்காலியைத் தனியாகச் செய்ய வேண்டாம். திறந்துவிட்டதை மூடத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பிள்ளையின் அறிக்கையில் ‘பெண்டர் கெஸ்டால்ட்’ என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். அது சிகிச்சை அல்ல, சோதனை. லாரெட்டா பெண்டர் 1938இல் உருவாக்கியது. ஒன்பது உருவங்களைப் பார்த்து வரையச் சொல்வார்கள். கண்ணும் கையும் எப்படி ஒத்துழைக்கின்றன என்று பார்க்கத்தான். அது ஒன்றை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்லக்கூடாது.

மலேசியாவில் யாரிடம் போவது, எப்படிச் சரிபார்ப்பது?

‘கெஸ்டால்ட் சிகிச்சையாளர்’ என்று நம் சட்டத்தில் தனி உரிமம் கிடையாது. ஆகவே அந்தப் பட்டத்தை மட்டும் பார்த்துப் போகாதீர்கள். ஆலோசகர் என்றால் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி லெம்பாகா கவுன்செலரில் (ஆலோசகர் வாரியம்) பதிந்து, நடைமுறைச் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும்; பெயருக்குப் பின்னால் கே.பி. (பதிவு பெற்ற ஆலோசகர்), பி.ஏ. (நடைமுறைச் சான்றிதழ்) என்று போட்டிருப்பார்கள். மருத்துவ உளவியலாளர் 2016இன் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகிறார். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். முதலில் இந்த அடிப்படைத் தகுதி, பிறகு கெஸ்டால்ட்டில் எங்கே, எவ்வளவு காலம் பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள். வாரக் கடைசிப் பட்டறை ஒன்றுக்குப் போய்வந்தவர் போதாது. கேட்டால் கோபப்படுபவரிடம் போகாமல் இருப்பது நல்லது.

தனியார் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பணம் இடிக்கிறது என்றால் அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் (சுகாதார நிலையம்) ஆரம்பிக்கலாம். குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட். டாக்டரிடம் மனதில் உள்ளதைச் சொன்னால் தேவைப்பட்டால் மருத்துவமனைக்குக் கடிதம் தருவார். அங்கே கெஸ்டால்ட் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் உதவி கிடைக்கும். தமிழில் பேசுபவர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டால் கிடைத்தவரிடம் அனுப்பிவிடுவார்கள்.